நீலம் மேலே

என் அத்தான் மூளை வெட்டுகிறவர். இதை இவ்வளவு பச்சையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால், "ஆராய்ச்சி சம்பந்தமா" என்று இழுத்துவிட்டு, மழை வருமா வராதா என்ற பேச்சுக்குத் தாவிவிடுவார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டபோதும் இதே 'சம்பந்தமா'தான். விஷயம் தெரிந்த அன்று அக்கா அவர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. இப்போது அவள் குறை வேறு. "ஊரார் மூளையெல்லாம் நறுக்குற மனுஷன், ஒரு வெங்காயத்த ஒழுங்கா நறுக்கித் தர்றாரா பாரு" என்பாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்தப் போன இடத்தில், அவர் கை நடுங்காமல் கோடு இழுப்பதைப் பார்த்து, அப்போதிருந்த பெரிய டாக்டர் "இங்கேயே இருந்துடறியா?" என்று கேட்டாராம். இந்தக் கதையைக் கேட்காத சொந்தக்காரர் எங்கள் குடும்பத்தில் இல்லை. வேலை என்னவென்று சொல்ல மாட்டார். கை எப்படிப்பட்ட கை என்று மட்டும் சொல்லாமல் இருக்க மாட்டார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'அரைமில்லி' என்று பெயர். கத்தி அரை மில்லி விலகினாலும் முகம் சிவந்துவிடும். வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால்கூட எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் கீழேயே எனக்கு வேலையும் வாங்கித் தந்தார். அதனால் என் வாய்க்கு ஒரு பூட்டு உண்டு. சாவி அக்காவிடம். வேலையிடத்தில் நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'நீங்க' என்பார். சாயங்காலம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சார் அத்தானாகிவிடுவார், 'நீங்க' 'ஏய்' ஆகிவிடும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இறந்தவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகும் மூளை எங்களிடம் வரும். அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை ரொட்டி அறுப்பதுபோல் முன்னாலிருந்து பின்னால் வரை வில்லைகளாக அறுப்போம். ஒவ்வொரு வில்லையின் முன்முகத்திலும் ஒரு சொட்டு நீல மை வைத்து, உறைய வைத்துவிடுவோம். பிறகு குளிர் அறையில், புகைகிற பனிக்கட்டிமேல் ஒவ்வொரு வில்லையாக எடுத்து வைத்து, சின்ன இரும்புக் குழாயை அழுத்தி, கேட்ட இடத்திலிருந்து மொச்சை அளவு துண்டு எடுப்பார் அத்தான். நான் எதிரில் டியூப் தட்டோடு நிற்பேன். அவர் வெட்டுகிறவர், நான் சொல்கிறவள். வெட்டுவதற்கு முன்னால் நான் "நீலம்?" என்று கேட்க வேண்டும். அவர் மேலே படிந்த பனித்தூளை விரலால் துடைத்து, மையைக் கண்ணால் பார்த்து, "மேலே" என்று பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் குழாயைத் தொடலாம். ஒவ்வொரு வில்லைக்கும் இப்படித்தான். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இதே பாட்டு. வீட்டில் தூக்கக் கலக்கத்தில் என்னிடம் யாராவது "நீலம்?" என்று கேட்டால்கூட "மேலே" என்றுதான் சொல்வேன்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று சேர்ந்த புதிதில் டாக்டரம்மாவைக் கேட்டேன். இப்போது ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி அவர். மூளைக்குள் நரம்பும் நரம்பும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு சந்து இருக்கிறது, ஒன்று சொல்வதை இன்னொன்று அந்தச் சந்தில்தான் வாங்கிக்கொள்கிறது என்றார். அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆயிரக்கணக்கில் புரதங்கள். எங்கள் துண்டுகளை அரைத்து, அந்தச் சந்துகளை மட்டும் பிரித்து, எந்தப் புரதம் எவ்வளவு என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"எல்லாச் சந்துலயும் ஒரே புரதம்தானேம்மா இருக்கும்?" என்றேன்.

"எல்லா வீட்டு அடுப்படியிலயும் ஏறக்குறைய அதே பாத்திரம்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க நிறைய இருக்கற வீட்டுல டம்ளர் ஜாஸ்தி, விருந்தாளி வர்ற வீட்டுல தட்டு ஜாஸ்தி. அலமாரியக் காட்டு, யார் வீடுன்னு சொல்லிடறேன். மூளையும் அப்படித்தான். இடத்துக்கு இடம் அலமாரி வேற."

நெற்றிக்குப் பின்னால் மேற்பக்கம் ஒரு வீடு, கண்ணுக்கு மேலே அடிப்பக்கம் இன்னொரு வீடு. மேலே உள்ளது திட்டம் போட உதவுவது. அடியில் உள்ளது நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்ள உதவுவது. "அப்போ வெட்கம் மானமெல்லாம் அங்கதான் இருக்கா?" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். "அப்படி ஒரே எடத்துல எதுவும் இருக்காது. ஆனா அந்த எடம் கெட்டுப்போனா சில பேருக்கு மொதல்ல போறது அதுதான்."

அந்த இடம் கெட்டுப்போனதா இல்லையா என்று கேட்டுக்கொண்டுதான் ஒரு அம்மா வந்தார். அவர் கணவர் பள்ளிக்கூட பஸ் டிரைவராக இருந்தவர். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தால்கூட வெளியே வராத மனுஷராம். கடைசி வருஷங்களில் தெருவில் போகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் துணியில்லாமல் நின்றிருக்கிறார். ஞாபகமெல்லாம் நன்றாகவே இருந்தது. அதனால் ஊர் அதை வியாதி என்று நம்பவில்லை. உள்ளே இருந்ததுதான் வெளியே வருகிறது என்றார்கள். பெற்ற மகனே அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

"மூளையக் குடுத்தது எதுக்குன்னா," என்று அந்த அம்மா கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார், "இது வியாதியா, இல்ல அவரு எப்பவுமே இப்படித்தான் இருந்து எனக்குத் தெரியாமப் போச்சா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். இத்தன வருஷம் யாரோட இருந்தேன்னு தெரியணும்ல?"

மற்றொரு பாதியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்திருந்தார்கள். ஆகவே அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே கதவு எங்கள் குளிர் அறைக் கதவுதான்.

அந்த மூளையை வெட்டிய அன்று கல்லூரியிலிருந்து மாணவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். கேட்கவா வேண்டும்? அத்தானுக்கு இறக்கை முளைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக் கதையில் ஆரம்பித்து, மில்லிமீட்டர்வரை வந்து, முன் வில்லையைப் பனிக்கட்டிமேல் வைத்தார். நான் "நீலம்?" என்றேன். அவர் மாணவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே "மேலே" என்றார். மேலே வெறும் பனித்தூள்தான் தெரிந்தது.

"எனக்குத் தெரியல சார். துடைச்சுப் பாருங்க" என்றேன்.

இதை நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. மாணவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தானின் காது நுனி சிவந்தது.

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே கத்தியப் புடிச்சவன் நான். மேல எது கீழ எதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? போங்க, போய் டீ குடிச்சிட்டு வாங்க. டியூப்ப நானே எடுத்துக்கறேன்."

அறையில் இரண்டு பேர் இல்லாமல் வெட்டக் கூடாது என்பது விதி. ஆனால் ரோஷம் அவருக்கு மட்டும் சொந்தமா என்ன? கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு மனசுக்குள் அவரை வகைவகையாகத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனபோது மாணவர்கள் போயிருந்தார்கள், டியூப்கள் எல்லாம் மூடி போட்டு வரிசையாக நின்றன. "நீலம் பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன் பாத்தேன்" என்றார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்த முன் வில்லை ஒரு விஷமக்கார வில்லை. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும். தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்கிறதா என்றுதான் எல்லோர் கண்ணும் முதலில் பார்க்கும். அதைக் காலண்டர் தாளைப் புரட்டுவதுபோல் கீழிருந்து மேலாகத் திருப்பிப் போட்டாலும் தட்டைப் பக்கம் இடப்புறமே இருக்கும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே போயிருக்கும், அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த நீலச் சொட்டு.

சில மாதங்கள் போயின. அந்த அம்மா விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார். டாக்டரம்மா இரக்கப்பட்டு, இப்போதைக்குப் பார்த்தவரையில் என்று ஆரம்பித்து, அடிப்பக்கத்துச் சந்துகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன, மேற்பக்கம்தான் குறைந்திருக்கிறது, ஆகவே நடத்தை மாறியதற்கு இது காரணமென்று சொல்ல முடியவில்லை என்றார். அத்தான்தான் அந்த அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "சரிம்மா. அப்போ அது அவருதான்" என்றார். கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது அத்தான் அக்காவிடம், "பாவம் அந்தம்மா. வெட்கங்கெட்ட ஒரு ஆளோட இத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்காங்க" என்று உச்சுக் கொட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. மற்ற மூளைகளின் அளவுகளும் வந்து சேர்ந்ததும் டாக்டரம்மா எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தார். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் வண்ணப் புள்ளிகள். எந்த மூளையாக இருந்தாலும் மேற்பக்கத்துப் புள்ளிகள் ஒரு கும்பலாக, அடிப்பக்கத்துப் புள்ளிகள் ஒரு கும்பலாக நின்றன. டிரைவருடைய புள்ளிகள் மட்டும் இடம் மாறி நின்றன. மேலே என்று எழுதியவை அடிக் கும்பலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அடி என்று எழுதியவை மேல் கும்பலுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. நடுவில் எடுத்த துண்டு மட்டும் தன் இடத்தில் இருந்தது.

"வியாதி இப்படிக் கலைச்சுப்போட்டிருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "இல்ல, டியூப் தட்டு திரும்பிப் போயிருக்கலாம். இல்ல, வில்லையே கவுந்திருக்கலாம். வியாதி வந்த மூளைல அலமாரிய மட்டும் வச்சு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

என் வாய்வரை வந்துவிட்டது, 'நான் அங்கே இல்லை' என்பது. அத்தானைப் பார்த்தேன். அவர் தன் விரல் நகங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீலம் பாத்தீங்கல்ல?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"பாத்தேன்மா."

"மிச்ச வில்லை ஃப்ரீசர்ல இருக்கா? எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"தீந்துபோச்சும்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்; அதை நான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். முன் வில்லையில் முக்கால்வாசி அப்படியே ஃப்ரீசரின் மூன்றாவது தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதும் எனக்கு அக்கா முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "தட்ட நான் திருப்பி வச்சிருக்கலாம்மா. ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டேன். நான் அந்தப் பொய்யைத் தலையில் போட்டுக்கொண்ட நேரம் அத்தான் ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அந்த மூச்சை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

'இருக்கலாம்' என்பதை நம்பி அந்த அம்மாவிடம் போக முடியாது என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே ஒரு தடவை வாயை விட்டாயிற்று. டிரைவருடைய மூளையை ஆராய்ச்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். என்னைப் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று பஸ்ஸில் அத்தான் என் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வீட்டில் அக்கா "ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள். "தலைவலி" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கியது. அவர் எழுந்து போகவில்லை. அடுத்த நாள் கழுவும் அறைக்கு வந்து, நான் கழுவி வைத்த குடுவையைத் தேவையில்லாமல் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நான் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க."

"நாளைக்கு."

"நாளைக்குன்னா அந்தம்மாவுக்கு இன்னொரு நாள்" என்றேன். குடுவையை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

கழுவும் அறைக்கு நேர் எதிரேதான் குளிர் அறை. அதன் கதவில் பெரிய கண்ணாடி. அவரே வெட்டிப் பொருத்தியது. அந்த வாரக் கடைசியில் மதிய நேரத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவள், அவர் ஃப்ரீசரிலிருந்து ஒரு பையை எடுப்பதைப் பார்த்தேன். மூன்றாவது தட்டு. பையைப் பிடித்துக்கொண்டு, எரிக்க அனுப்பும் கழிவுகளைப் போடுகிற சிவப்புத் தொட்டி முன்னால் போய் நின்றார். காலால் மிதித்தார். மூடி திறந்தது. காலை எடுத்தார். மூடியது. மறுபடி மிதித்தார்.

தீர்ந்துபோயிற்று என்று சொன்னதை உண்மையாக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. அது தொட்டிக்குள் விழுந்துவிட்டால் அந்த அம்மாவின் கேள்விக்கு இந்த உலகத்தில் எங்கேயும் பதில் இல்லை. எனக்கு அந்த நேரம் அக்கா முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. நாலாக மடித்த கைக்குட்டைதான் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். 'அத்தான்' என்று கூப்பிட நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது பழகிப்போன குரல்.

"நீலம்?"

அவர் கை தானாகப் பையைப் புரட்டியது. விரல் பனித்தூளைத் துடைத்தது. கண் பார்த்தது. குழாய் இறங்கிய குழிகள் ஒரு முகத்தில்; நீலச் சொட்டு மறுமுகத்தில்.

"கீழே" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டதே அவருக்குத் தெரிந்தது. பையைப் பனிக்கட்டிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அந்தக் குளிரில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாக்கவே இல்லடி. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. பசங்க முன்னாடி நீ சொன்னதும் எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. துடைச்சுப் பாத்தா நீ சொன்னது சரின்னு ஆயிடுமேன்னு..." என்றார். வேலையிடத்தில் அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எழுந்திரிங்க. வில்லை உருகிடப் போகுது" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

டாக்டரம்மாவிடம் அவரே பேசினார். நீலம் பார்க்காததை, என்னை வெளியே அனுப்பியதை, தீர்ந்துபோயிற்று என்ற பொய்யை, தொட்டியை மிதித்ததை, ஒன்றையும் விடவில்லை. டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அவசரப்பட்டு அந்தம்மாகிட்ட சொன்ன நானும் பெரிய யோக்கியம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்ச வில்லையிலிருந்து புதிதாகத் துண்டு எடுக்கச் சொன்னார். வேறொருவர் வெட்டினார். நான் சொன்னேன். "நீலம்?" "மேலே." அத்தான் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை புள்ளிகள் தங்கள் பக்கம் வந்து நின்றன. மேற்பக்கம் நன்றாக இருந்தது. அடிப்பக்கத்தில்தான் சேதி வாங்கும் புரதங்கள் பாதிக்கும் மேல் காணவில்லை. ஆளில்லாத வீட்டு அலமாரி மாதிரி இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

முடிவைச் சொல்ல டாக்டரம்மாவே கிளம்பினார். நானும் வருகிறேன் என்று அத்தான் கூடவே கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். நான் இல்லாமல் போக அவருக்குத் தைரியம் இல்லை.

சின்ன வீடு. பஸ்காரர் துணியில்லாமல் நின்ற அந்த இரும்பு கேட்டைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனோம். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகி மூடியது. கூடத்தில் ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சுவரில் வெறும் ஆணி; அதற்குக் கீழே படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ வியாதிதானா?"

"ஆமாம்மா. அந்த எடம் ரொம்பவே கெட்டுப்போயிருந்துச்சு. அவரா செஞ்சது இல்ல."

"அன்னைக்கு இல்லன்னீங்களே?"

"அவசரப்பட்டுச் சொன்னது என் தப்பு."

அத்தான் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்ல அவரால் முடியவில்லை. "தப்பு என்னுதும்மா. வில்லையத் தலகீழாப் போட்டு வெட்டுனது நான். ஒரு சொட்டு மையப் பாக்கறதுக்கு எனக்குத் திமிரு இடங்குடுக்கல. அப்புறம் தெரிஞ்சும் மறைச்சேன். இந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்பவும் வாயத் தொறக்கல. மிச்சத்தக் குப்பையில போடக்கூடப் போனேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

"அவருக்கு வெட்கம் போனது வியாதியால. உங்களுக்கு எதனால போச்சு?"

எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் என்னுடைய அத்தான். என்னைப் படிக்க வைத்தவர்.

அந்த அம்மா கட்டிலுக்கடியில் குனிந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தை இழுத்து எடுத்தார். சீருடையில் பஸ்காரர். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். "நீங்க சொன்ன அன்னைக்கே கழட்டிட்டேன்," என்றார். "பையனுக்குப் போன் பண்ணி, நீ சொன்னதுதான் சரி, உங்கப்பா அப்படிப்பட்ட ஆளுதான்னு என் வாயாலயே சொன்னேன். எதிர்வீட்டுல போய், அவரு புத்தியே அப்படி, மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இத்தன நாளா இவரு மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம இருந்தேன்."

கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், "என்ன மன்னிச்சிடுங்க" என்றார்.

"ஐயோ அம்மா, நீங்க போய்..." என்று அத்தான் பதறிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, அந்த அம்மா பேசியது படத்தோடு என்று. அவர் அங்கே நிற்பதையே அந்த அம்மா மறந்துவிட்டிருந்தார்.

படத்தை ஆணியில் மாட்டினார். ஆணி வளைந்திருந்ததால் அது ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அரை மில்லிக்கு முகம் சிவக்கிற என் அத்தானின் கை தானாக எழுந்தது. பாதியிலேயே நின்றது. கையைக் கீழே இறக்கி, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார்.